கூட்டினால் ஒன்பது வரும் எண்

கல்லூரி விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் டிவி போடுவார்கள். சாப்பாடு முடிந்ததும் நாற்பது பேர் கூடத்தின் தரையில் நெருக்கியடித்து உட்காருவோம். அப்படி ஒரு ஞாயிறன்றுதான், உலக முடிவில் கிறிஸ்துவுக்கு எதிராக வருவான் என்று சொல்லப்படும் அந்திக்கிறிஸ்துவை முதன்முதலில் பார்த்தேன். தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படம். டாக்டர் வீட்டுக்குத் தத்து வந்த ஒரு பையன். ஊரே வறண்டு கிடக்கும்போது அவன் நட்ட செடி மட்டும் பூக்கும். உள்ளங்கையை அவன் யாருக்கும் காட்டமாட்டான். கடைசியில் காட்டுவான். அதில் 666 என்று அவனுடைய எண் இருக்கும்.

பக்கத்தில் இருந்தவள் என் துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் கண்ணைக்கூட இமைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேய்களையெல்லாம் நான் அறிவேன். அவற்றுக்கு ஒரு வழக்கு உண்டு. கிணற்றில் தள்ளப்பட்டவள், ஏமாற்றப்பட்டவள், சொத்துக்காகக் கொல்லப்பட்டவன். கேட்டதைக் கொடுத்தால் மலையேறிவிடும். இவனுக்கு வழக்கே இல்லை. யாரும் இவனுக்குத் தீங்கு செய்யவில்லை. இவன் வருவான் என்று எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள், அதனால் வருகிறான். அது எனக்குப் புதிதாக இருந்தது.

அதற்குப் பிறகு செல்போனில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு படத்தில் அவன் குழந்தை. இன்னொன்றில் நீல நிறக் கோட்டு போட்ட தலைவன். உலகத்துக்கே சமாதானம் தருவதாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவான். மோசமான படங்களில் கொம்பும் வாலும் வைத்துவிடுவார்கள். நல்ல படங்களில் அவன் அழகாக இருப்பான், தாழ்ந்த குரலில் பேசுவான், வயதானவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பான். எல்லாப் படத்திலும் கலைந்த தலையோடு ஒரு பாதிரியார் ஓடிவந்து எச்சரிப்பார். படித்த ஒருவர், பேராசிரியரோ வக்கீலோ, அவரைப் பார்த்துச் சிரிப்பார். மூன்றாம் ஆண்டு செமினாரில் இதைப் பற்றித்தான் கட்டுரை வாசித்தேன். துறைத்தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அந்தக் கைதட்டலை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுக்க முடியாதே என்று மட்டும் அன்றைக்கு வருத்தமாக இருந்தது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தைத் தாண்டி எங்கள் ஊர். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தாள். குழாய்களில் வெடிமருந்தை அளந்து நிரப்பும் வேலை. ஓர் அறைக்கு நான்கு பேர். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பக்கத்து அறை வெடித்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளோடு காலையில் வேனில் ஏறிய இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவாமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இனிமேல் அந்த அறைக்குப் போகமாட்டேன் என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தாள். கூலி குறைந்தாலும் பரவாயில்லை என்று லேபிள் ஒட்டும் கொட்டகைக்கு மாறினாள். அது மருந்து அறைகளை விட்டுத் தள்ளி, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா அந்தக் கொட்டகையிலேயே இருக்க வேண்டும். நான் படித்ததற்கு எனக்கு வேண்டியிருந்த பலன் அது ஒன்றுதான்.

படிப்பு முடிந்ததும் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்தேன். பட்டாசு லேபிள்தான் முக்கால்வாசி வேலை. ரோஜாப்பூ, மயில், சிரிக்கும் குழந்தை, ராக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் கரடி. அம்மா வேலைபார்க்கும் கம்பெனியும் எங்களிடம்தான் அச்சடிக்கும். ஒரு நாள் அந்தக் கம்பெனி முதலாளி வந்து, வானத்தில் போய் வெடிக்கும் புது ஐட்டம் ஒன்றுக்கு லேபிள் கேட்டார்.

“எளவட்டப் பயலுகளுக்குப் பிடிக்கணும்மா. மயிலு குயிலுன்னு போட்டுறாத. பார்த்ததும் பயப்படணும். பயந்துக்கிட்டே வாங்கணும்.”

மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். கறுப்புப் பின்னணி. கொம்பு வைக்கவில்லை. அழகான ஒரு முகம், பாதி இருட்டில். அவன் நீட்டிய வலது உள்ளங்கையில் நெருப்புச் சிவப்பில் 666. முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்விட்டு எண்ணினார்.

“ஆறும் ஆறும் பன்னெண்டு, பதினெட்டு. ஒண்ணும் எட்டும் ஒம்பது!” என்று தொடையில் தட்டினார். “ஏ அண்ணாச்சி, இங்கன வாங்க. இந்தப் பிள்ளைக்கு நியூமராலஜி தெரியுமா?”

எங்கள் அச்சக முதலாளி ஓடிவந்தார். “ஒங்க கார் நம்பரும் ஒம்பதுல்லா அண்ணாச்சி?”

“காரு மட்டுமா? கம்பெனிப் பேரு, எம்மக பேரு எல்லாம் ஒம்பதுதான். ஐட்டத்துக்கு இதையே பேரா வச்சிருவோம்.”

அந்த எண்ணுக்கு வேறு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லவில்லை. தெரிந்துவைத்திருப்பதே பெருமையாக இருந்தது.

லேபிளின் மாதிரி அச்சுத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் எண் தெரியும். பஸ் நம்பர், வேன் நம்பர் எல்லாம் படிப்பாள். “நீயா வரஞ்ச? இம்புட்டு அழகா யாருடி இவன்?” என்று சிரித்தாள். மறுநாள் அதை மடித்துக் கொட்டகைக்கு எடுத்துப்போய், எம்மக போட்டது என்று எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள்.

சாயங்காலம் அம்மாவோடு ஒரு அத்தையும் வீட்டுக்கு வந்தாள். சொந்த அத்தை இல்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருடமாக லேபிள் ஒட்டுகிறவள். புருஷன் செத்தபிறகு ஊர்க்கோடியில் இருக்கும் ஜெபக்கூடத்தில் சேர்ந்தாள். அவளுக்கு ஈளை நோய் உண்டு. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும்.

“ஏ தாயி, இது என்ன நம்பருன்னு தெரிஞ்சுதான் போட்டியா?”

“தெரியும் அத்தே. காலேஜுல இதப் பத்திக் கட்டுரையே வாசிச்சிருக்கேன்.”

“வாசிச்சுமா போட்ட?”

நான் சிரித்தேன். “அது படத்துல வர்றவன் அத்தே. சும்மா கதை.”

“ஒனக்குப் படம். எனக்கு அவன் வரப்போற ஆளு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “கடைசிக் காலத்துல வலது கையில இல்லாட்டி நெத்தியில இந்த நம்பரப் போடுவான். அது இல்லாம ஒருத்தரும் ஒண்ணும் வாங்க முடியாது, விக்க முடியாது. வாங்கிக்கிட்டவுகளுக்கு மீட்பு கிடையாது.”

“அப்ப ரேஷன் கடையில கைரேகை வைக்கிறீகளே, அது?”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. “அதுக்கே ஜெபம் பண்ணிட்டுத்தான் தாயி போனோம்” என்றாள். டீயைக் குடித்துவிட்டு, பதமாக டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

சீசன் தொடங்கியது. புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக லேபிளை அச்சடித்து, மேலே வார்னிஷ் பூசி, ஒரு நாள் காயவைத்துத்தான் அனுப்புவோம். கம்பெனியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு போன். லோடு நிற்கிறது, லாரி நிற்கிறது என்றார்கள். அச்சக முதலாளி என்னைப் பார்த்தார்.

“வார்னிஷ் இல்லாம விட்டா என்னம்மா ஆகும்? நீதானே டிசைனு.”

“கொஞ்சம் மை ஒட்டும் அண்ணாச்சி. வேற ஒண்ணும் ஆகாது” என்றேன்.

அதுதான் ஆனது. மைதாப் பசை தடவி, லேபிளைப் பெட்டியில் வைத்து, வலது உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார்கள். மழைக்காலத்து ஈரம், கை வேர்வை, காயாத சிவப்பு மை. பத்துப் பெட்டி ஒட்டுவதற்குள் கொட்டகையில் இருந்த இருபது பெண்களின் வலது உள்ளங்கையிலும் அந்த எண் இடம் வலம் மாறிப் பதிந்துவிட்டது. சோப்பு போட்டுக் கழுவினாலும் ரோஸ் நிறத்தில் தங்கியது. எவ்வளவோ படங்களில் எவ்வளவோ செலவு செய்து காட்டிய காட்சி அது. யாரும் திட்டமிடாமல், நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில், டீ குடிக்கும் நேரத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது.

அன்று கொட்டகையில் நடந்ததை நான் பிறகுதான் கேட்டறிந்தேன். அத்தை கையைப் பார்த்ததும் எழுந்து குழாயடிக்கு ஓடினாள். அவளோடு ஜெபக்கூடத்துக்குப் போகும் இன்னும் நான்கு பெண்களும் எழுந்துவிட்டார்கள். மற்றவர்கள் கேலி பேசினார்கள்.

“ஏக்கா, அதே நம்பருல லாட்டரி விழுந்தா வேண்டாம்னு சொல்லிருவீகளாக்கும்?”

“எனக்குப் பதிஞ்சது தலகீழா இருக்கே, எனக்குப் பாதி மீட்பாவது கிடைக்குமா?”

போர்மேன் வந்தார். இளவயதுக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். எண்ணுக்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம், லாரி நம்பரைப் பார்த்தா சரக்கு ஏற்றுகிறோம் என்று கேட்டுப் பார்த்தார். அந்த நான்கு பெண்களும் தங்களுக்குள் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேதத்தில் வலது கை என்றுதான் இருக்கிறது, அதனால் இடது கையால் ஒட்டுகிறோம் என்றார்கள். அத்தை மட்டும் அதற்கும் மாட்டேன் என்றுவிட்டாள்.

“இடது கையையும் கர்த்தர்தான் தந்தாரு” என்றாளாம்.

போர்மேன் யோசித்தார். “செலுத்துற ரூமுல ஒரு ஆளு குறையுது. அங்கன லேபிளும் கிடையாது, நம்பரும் கிடையாது. நீங்க அங்கன போங்கக்கா.”

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது நல்ல தீர்வாகவே பட்டிருக்கிறது. ஆனால் அந்த அறையில் அலுமினியப் பொடி பறக்கும். ஈளை உள்ளவள் ஒரு வாரம் தாங்கமாட்டாள். அத்தை அங்கே போவதற்கு டிபன் டப்பாவை எடுத்திருக்கிறாள். அப்போது அம்மா எழுந்தாள்.

“அவ வேண்டாம் தம்பி. நான் போறேன். எம்மக போட்ட நம்பருதானே.”

வீட்டுக்கு வந்த அம்மா இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கண்டுபிடித்தது கண்ணாடி வளையல் இல்லாததால். மருந்து அறைக்குள் வளையல் கூடாது, செல்போன் கூடாது, பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும்.

“வளையல் எங்கம்மா?”

“கை வீங்கியிருக்கு. கழட்டி வச்சிருக்கேன்.”

கை வீங்கவில்லை. நகக்கண்ணில் வெள்ளியாக மினுங்கியது. ஒன்பதாம் வகுப்புவரை நான் பார்த்துக்கொண்டிருந்த அதே மினுக்கம். மறுநாள் காலை வேன் நிற்கும் இடத்துக்குப் போய் அத்தையைப் பிடித்துக் கேட்டேன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், உள்ளே ஆள் கிடைத்ததும் போர்மேன் தனக்கு மயில் லேபிளை மட்டும் ஒதுக்கிவிட்டதையும் சேர்த்து. “நான் வேண்டாம்னுதான் சொன்னேன் தாயி. ஒங்கம்மா கேட்கல” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வரைந்த படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சத்தியத்தை ஞாபகப்படுத்தினேன். அம்மா தலையைக் குனிந்தபடி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சீசன் முடியிற மட்டும்தான். அப்பறம் பழைய எடத்துக்கு வந்துருவேன்.”

“வேலைய விட்டுரு. என் சம்பளம் போதும்மா.”

“ஒனக்குப் போதும். நான் என்ன செய்ய? ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா?” என்றவள், பொறுக்கிய கல்லை வாசலில் எறிந்துவிட்டு, “அத்தைய அனுப்பிட்டு நான் லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தா நீ சோறு திம்பியா?” என்றாள்.

லேபிளை மாற்றிவிடலாம் என்று அச்சக முதலாளியிடம் கேட்டேன். வேறு முகம், வேறு எண், காசு வாங்காமல் நானே செய்து தருகிறேன் என்றேன். அவர் போனை எடுத்துக் கம்பெனியில் கேட்டார். அந்த ஐட்டம்தான் முதலில் காலியாகிறது, கைவைக்காதே என்று பதில் வந்தது. தீபாவளி முடிந்தது. கார்த்திகையும் முடிந்தது. அம்மா பழைய இடத்துக்கு வரவில்லை. நான் கம்பெனி கேட்டுக்கே போய்ப் போர்மேனைப் பார்த்தேன்.

“வாங்க தங்கச்சி, டீ சாப்பிடுறீகளா?” என்றார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. “ஒங்கம்மா கைப் பதம் யாருக்கும் வராது தங்கச்சி. ஒரு பொட்டு மருந்து சிந்தாது. அவுக இருக்கிற ரூமுல மத்த மூணு பேரும் தைரியமா இருக்காக. அவுகள எடுத்துட்டு நான் யாரப் போட?”

“வேற யாரையாவது போடுங்க.”

“யாரன்னு சொல்லுங்க. லேபிள் ஒட்டுறதுல பத்தொம்பது பேரு இருக்காக. எல்லாரையும் ஒங்களுக்குத் தெரியும். ஒரு பேரு சொல்லுங்க, நாளைக்கே மாத்திருதேன்.”

அவர் நிஜமாகவே காத்திருந்தார். சட்டைப்பையில் இருந்து பேனாவைக்கூட எடுத்தார். ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒருத்தி என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். ஒருத்தி, மருந்து அறை வெடித்த அன்று திரும்பி வராதவளின் மகள். வாய்வரை ஒரு பெயர் வந்தது. எந்தப் பெயர் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

தைக்குப் பிறகு அத்தையின் மகள் வந்து அவளைத் திருப்பூருக்கு அழைத்துப்போய்விட்டாள். போகிற அன்று அத்தை சந்தோஷமாக இருந்தாள். “நான்தான் இல்லையே, இனி ஒங்கம்மாவ லேபிளுக்கு விட்டுருவாக. ஜெபம் பண்ணியிருக்கேன்” என்றாள். அவளுடைய இடத்தில் அச்சங்குளத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணைப் போட்டார்கள். யாருக்காக அம்மா உள்ளே போனாளோ அவள் வெளியே போய்விட்டாள். அம்மா உள்ளேதான் இருக்கிறாள்.

அந்தப் படங்களை மறுபடியும் ஒரு ஞாயிறு போட்டுப் பார்த்தேன். அவன் மேல் கண் நிற்கவில்லை. அவனுடைய அழகு, தாழ்ந்த குரல், கையில் உள்ள எண் எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை. பாதிரியாரைப் பார்த்துச் சிரிக்கிற படித்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு அவரை நான் கவனித்ததே இல்லை. செமினார் கட்டுரையில் அவருக்கு ஒரு வரிதான் கொடுத்திருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. நிறையப் படித்தவர். தெரிந்ததை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். படத்தில் அவர் இடைவேளைக்கு முன்பே செத்துப்போவார். கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து மணிக்கு அச்சகம் போகிறேன், மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறேன். ஈளைக்காரி சொன்னதைக் கேட்டுச் சிரித்தவள் நான். வெள்ளி மினுங்கும் நகத்தோடு சாயங்காலம் வேனிலிருந்து இறங்குகிறவள் அம்மா.

இந்த வருடம் ஆனியிலேயே ஆர்டர் வந்துவிட்டது. எண்ணை இன்னும் பெரிதாகப் போட வேண்டும், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்றார்கள். முடியாது என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் பக்கத்து மேசைப் பையன் அரை மணி நேரத்தில் செய்துவிடுவான். கணினியில் பழைய கோப்பைத் திறந்தேன்.

பதினோரு மணி இருக்கும். மேசை அதிர்ந்தது. பிறகு சத்தம். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது இடி இல்லை என்று உடனே தெரியும். அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் மாடிக்கு ஓடினோம். அம்மாவின் போன் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, ஆனாலும் அழைத்தேன். அடித்து அடித்து நின்றது. மாடியில் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் கழுத்தை நீட்டினார்கள்.

“எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்லே?”

“மேக்க. மேக்க பாரு. வெம்பக்கோட்டப் பக்கம்.”

புகை மேற்கில்தான் எழுந்தது. வெள்ளையாக, அகலமாக, அவசரமில்லாமல். அம்மாவின் கம்பெனி அந்தத் திசையில் இல்லை. உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவியதை நான் மறைக்க விரும்பவில்லை. என் பக்கத்தில் நின்ற பைண்டிங் அக்காவின் ஊர் அந்தப் பக்கம். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். அவளிடம் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கீழே இறங்கி வந்தேன். கணினித் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினேன். இந்தத் தடவை வார்னிஷ் பூசித்தான் அனுப்ப வேண்டும் என்று ஆர்டர் தாளில் எழுதிவைத்தேன். அம்மாவின் வேன் வர இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.